நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஆமா

— நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு 'ஆமா'ன்னு சொல்லியிருக்காங்க, சிஸ்டர். இவ்வளவு நல்ல ஒத்துழைப்பு வேற எந்த ஏரியாவுலயும் கிடைக்கல.

— எந்தக் கேள்விக்கு சார்?

— எல்லாக் கேள்விக்கும். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பேரு, நாப்பது கேள்வி. அதாவது, எதை எடுத்தாலும் தொண்ணூத்தேழு சதவீதம்.

— அடேயப்பா. அந்தத் தாளை இப்படிக் குடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன். கேள்வி பதினொண்ணு. 'சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா?' ஆமான்னு இருநூத்தாறு பேரு. கேள்வி பன்னெண்டு. 'உங்கள் வீட்டில் சோப்பு பயன்படுத்தும் பழக்கமே இல்லையா?' அதுக்கும் ஆமான்னு அதே இருநூத்தாறு பேரு.

— அது குறுக்குக் கேள்வி. நிஜம் பேசறாங்களான்னு பாக்கறதுக்காக வெச்சது.

— பாத்துட்டீங்களா?

— அதாவது, முடிவு கொஞ்சம் கலவையா வந்திருக்கு.

— கலவை. சரிதான். கேள்வி இருபத்தாறு. 'தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?' இருநூத்தாறு பேரு ஆமா. அதுல நூத்தி இருபத்தெட்டு பேரு ஆம்பளைங்க. நான் ஒருத்தி இத்தனை பிரசவத்தை எப்படி சார் பாக்கப்போறேன்?

— அதை சாஃப்ட்வேரே 'பொருந்தாது'ன்னு மாத்திடுச்சு.

— அதுக்காவது கூச்சம் இருக்கே. சந்தோஷம்.

— சிஸ்டர், மணி மூணேகால். அஞ்சு மணிக்குள்ள இந்தத் திட்டம் தலைமை அலுவலகத்துக்குப் போயாகணும். அதுக்கு மேல ஏத்துக்காது. இந்த ஏரியாவோட நர்சுங்கற முறையில நீங்க ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது.

— போட்டா என்ன ஆகும்?

— அடுத்த ஒரு வருஷத்துக்கு இங்க நடக்கப்போற சுகாதாரக் கல்வி இதுதான். நடுவுல ஒரு வரிகூட மாத்த முடியாது.

— அப்போ வாசிங்க. ஒரு வருஷம் எங்களுக்கு என்ன பாடம் எடுக்கப்போறீங்கன்னு தெரியட்டும். லேப்டாப்புக்கு வாசிச்சுக் காட்டாதீங்க சார், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. கையெழுத்து கேக்கறது என்கிட்ட.

— முதல் தேவை, வயித்துப்போக்கு. 'கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா'ங்கற கேள்விக்கு...

— இருநூத்தாறு பேரு.

— அதேதான்.

— ஒரே வாரத்துல ஒரே தெருவுல இருநூத்தாறு பேருக்கு வயித்தால போயிருந்தா, இந்தப் பளபளா ஷூவைப் போட்டுக்கிட்டு இங்க வந்திருப்பீங்களா? தெருவுக்கு இருக்கிற கக்கூஸே ஏழு.

— அதனாலதான் அதை முதல் தேவையா எடுத்திருக்கேன்.

— தெய்வமே. அப்புறம்?

— ஆறு கூட்டம். ஒரு மாசம் விட்டு ஒரு மாசம், செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணிக்கு. பட்டறைத் தெரு முனையில பந்தல், நாற்காலி, மைக் செட்டு. முதல் கூட்டத்துக்குத் தலைப்பு, 'சுத்தமான கை, சுகமான வாழ்வு'. பேனருக்கு டிசைன்கூட வந்துடுச்சு.

— மைக் வெச்சுப் பேசப்போறீங்க. பட்டறைத் தெருவுல. பகல் பதினோரு மணிக்கு.

— ரெண்டு ஸ்பீக்கர் கட்டறோம்.

— நாலா கட்டுங்க. ஏன் அதுல போய்க் கஞ்சத்தனம்.

— கிண்டல் பண்றீங்க.

— மெச்சிக்கறேன் சார். அந்தத் தெருவுல நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?

— நான் நேர்ல போகல. பயிற்சி குடுத்து எட்டு பேரை அனுப்பினேன்.

— அந்த எட்டு பேரும் திரும்பி வந்து என்ன சொன்னாங்க?

— தொண்டை கட்டிக்கிச்சுன்னாங்க.

— எட்டு பேருக்கும்?

— எட்டு பேருக்கும். வெயில் அப்படி.

— வெயில். என்னத்தைச் சொல்ல. அங்க என்ன வேலை நடக்குதுன்னாவது தெரியுமா?

— தெரியாம எப்படி? பழைய எண்ணெய் டிரம்மை வாங்கிச் சரிபண்ணி விக்கிறாங்க. மறுசுழற்சித் தொழில்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன்.

— மறுசுழற்சி. பேரு வாயில போட்டா கரையுது. நசுங்கின டிரம்முக்குள்ள நீளக் கம்பிய விட்டு ஒருத்தன் நெம்புவான், வெளிய நின்னு இன்னொருத்தன் சம்மட்டியால அடிப்பான். மணிக்குப் பன்னெண்டு டிரம்மு. தெருவுக்கு ஒன்பது பட்டறை. மூணாம் நம்பர் பட்டறைக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல இந்த ஒரு சுவருதான். இன்னைக்கு வார லீவு, அதனாலதான் நீங்க உக்காந்து சதவீதம் பேசிக்கிட்டிருக்கீங்க. நேத்து வந்திருந்தா உங்க டீ டம்ளர் மேசையில நடந்து போயிருக்கும்.

— அதாவது, சத்தம்னு சொல்றீங்க.

— நான் ஒண்ணும் சொல்லல. திட்டம் போடறது நீங்க. கண்டுபிடிக்கவேண்டியதும் நீங்க.

— புரிஞ்சுடுச்சு. வேலை நேரத்துல கேட்டதால கேள்வி காதுல விழல. அப்போ கணக்கெடுப்பை லீவு நாள்ல வெச்சுக்கணும்னு ஒரு குறிப்பு சேத்துடறேன்.

— வாசல் வரைக்கும் வந்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டீங்க. இருங்க, வெளிய ஆளு நிக்குது. வாங்கண்ணே, கட்டு மாத்தணுமா? இப்படி உக்காந்து கைய நீட்டுங்க. சார், இந்த அண்ணன் மூணாம் நம்பர் பட்டறை. முப்பது வருஷமா சம்மட்டி. இன்னைக்குதான் லீவாச்சே, எங்கயும் சத்தம் இல்ல. உங்க கேள்வி ஏதாவது ஒண்ணைக் கேளுங்க. நான் பாட்டுக்குக் கட்டைப் பிரிக்கறேன்.

— ஐயா, வணக்கம். உங்களுக்கு என்ன வயசு?

— ஆமாங்க.

— வயசு. எத்தனை வயசுன்னு கேட்டேன்.

— ஆமாமா. ரொம்பச் சந்தோசங்க.

— சிஸ்டர், ஐயா கொஞ்சம் போட்டிருக்காரோ?

— இந்த மனுசன் டீகூடக் குடிக்கிறதில்ல. அடுத்தது கேளுங்க. அந்த இருபத்தாறைக் கேளுங்களேன்.

— சேச்சே, வேண்டாம்.

— ஊரையே கேட்டாச்சு, இவருகிட்ட என்ன வெக்கம்? கேளுங்க.

— ஐயா, நீங்க இப்போ கர்ப்பமா இருக்கீங்களா?

— ஆமாங்க. எல்லாம் உங்க புண்ணியம்.

— போதுமா சார்? இப்போ நான் கேக்கறேன். நீங்க பேசாம பாருங்க. அண்ணே, இங்க, என்னைப் பாருங்க.

— என்ன சிஸ்டர், ஒண்ணுமே கேக்கக் காணோமே?

— மகளுக்கு ஏழாம் மாசம்மா. புதன்கிழமை கூட்டிட்டு வர்றேன்.

— இவரு யார்கிட்ட, எதுக்குப் பதில் சொல்றாரு?

— நேத்து சாயங்காலந்தான் வீங்குச்சும்மா. இப்போ வலி இல்ல. ரெண்டு நாள் நனைக்காம வெச்சிருக்கேன், நீ கவலைப்படாத.

— சரிண்ணே, கட்டு போட்டாச்சு. பாத்துப் போங்க. என்ன சார், இப்படி முழிக்கறீங்க?

— நீங்க எப்போ கேட்டீங்க? என் காதுல ஒண்ணுமே விழலையே.

— நான் குரலே எடுக்கல. உதட்டை மட்டும் அசைச்சேன். மக எப்படி இருக்கான்னேன், பதில் வந்துச்சு. கை வீங்கியிருக்கேன்னேன், அதுக்கும் வந்துச்சு. நீங்க தலையைக் குனிஞ்சு போனைப் பாத்துக் கேட்டீங்க, ஆமான்னு வந்துச்சு.

— இவருக்குக் காது கேக்காது.

— அப்பாடா. மூணேமுக்காலுக்கு விடிஞ்சுது.

— இவருக்கு மட்டுமா?

— ஜன்னல்கிட்ட வாங்க. எதிர்ச்சுவர் ஓரமா ரெண்டு பேரு பேசிக்கிட்டிருக்காங்களா? ஒருத்தன் மூஞ்சிய விட்டு இன்னொருத்தன் கண்ணை எடுக்கறானா பாருங்க. அந்தக் கை படற பாட்டைப் பாருங்க. பெரிய மீசை வெச்சவன்கிட்ட இந்தத் தெருவுல யாரும் ரொம்ப நேரம் பேச மாட்டாங்க. உதடு தெரியாது.

— இருநூத்தாறு பேரு. காது கேக்காத தெருவுக்கு நான் மைக் செட்டு கட்டப் பாத்தேன்.

— ரெண்டு ஸ்பீக்கரோட.

— சரி, விடுங்க. அழிச்சுட்டு எழுதறேன். முதல் தேவை, காதுப் பாதுகாப்பு. நேரம் இருக்கு. போன ஆறு மாசத்து இறப்புப் பதிவேட்டையும் சேக்கணும், அந்த நோட்டைக் குடுங்க. இதோ, போன மாசம் ஒண்ணு. 'பின்னோக்கி வந்த லாரி மோதி மரணம். வயது முப்பத்தொன்று.'

— நெட்டையன்னு கூப்பிடுவோம். நாலாம் நம்பர் பட்டறை.

— 'தொடர்ந்து ஆரன் அடித்ததாக ஓட்டுநர் வாக்குமூலம்.' அதுக்குப் பக்கத்துல, மரணத்துக்குக் காரணம், 'கவனக்குறைவு'. இது யாரு கையெழுத்து சிஸ்டர்?

— என் நோட்டுல வேற யாரு எழுதப்போறா.

— நீங்களா?

— நான்தான்.

— பிரமாதம். ஆரன் காதுல விழாம செத்தவனுக்குக் கவனக்குறைவு. இதுல என்னை அரை மணி நேரமா வறுத்து எடுத்தீங்க. நான் தெருப்பக்கமே போகல, ஒத்துக்கறேன். நீங்க இருபத்திரண்டு வருஷமா இங்கயே குடியிருக்கீங்க. இந்த அலமாரி முழுக்க உங்க நோட்டுதான். காதுன்னு ஒரு வார்த்தை எங்கயாவது இருந்தா எடுத்துக் காட்டுங்க பாப்போம்.

— அஞ்சு வருஷத்துக்கு முந்தின நோட்டுல இருக்கும். கடைசித் தட்டுல, பச்சை அட்டை.

— அதுக்கப்புறம்?

— இருக்காது.

— ஏன்? பேனாவுல மை தீந்துபோச்சா?

— பேசுங்க, உங்க முறை. அந்த வருஷம், டிரம்மு வாங்கற கம்பெனிக்காரன் ஒரு வேன் அனுப்பினான். காது பரிசோதனை, இலவசம்னான். நான் வீடு வீடா போய்க் கையைப் பிடிச்சு இழுக்காத குறையாக் கூட்டிட்டு வந்தேன். வராதவனைத் திட்டினேன். உங்களை மாதிரி நானும் மேசை போட்டு, பேரு எழுதி, வரிசையில நிக்க வெச்சேன். செவ்வாய்க்கிழமை பரிசோதனை. வெள்ளிக்கிழமை முடிவு முதலாளிங்க கைக்குப் போச்சு. சனிக்கிழமை பதினாலு பேரை, 'நாளையிலேருந்து வேண்டாம்'னுட்டாங்க. காது கேக்காதவனை வெச்சுக்கிட்டா ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு எங்களதுன்னு கம்பெனி சொல்லுச்சாம். முப்பது வருஷம் அடிக்கச் சொன்னப்போ அந்தப் பொறுப்பு எங்க மேயப் போயிருந்துச்சோ தெரியல.

— பதினாலு பேரு.

— அதுல நாலு குடும்பம் இப்போ இந்த ஊர்லயே இல்ல. அப்புறம் நான் ஒரு பாடம் எடுத்தேன். பந்தல் இல்ல, பேனர் இல்ல. குழாயடியில, தடுப்பூசி போடற இடத்துல, பொம்பளைங்ககிட்ட ஒவ்வொருத்தியா சொன்னேன். யாரு வந்து என்ன கேட்டாலும் 'என்ன?'ன்னு மட்டும் திருப்பிக் கேக்காதீங்க. சிரிச்ச மூஞ்சியா 'ஆமா'ன்னு சொல்லுங்க. உங்க வீட்டு ஆம்பளைக்கும் சொல்லிக் குடுங்க. காதுன்னு எவனும் வாயைத் திறக்கக் கூடாது.

— அப்போ என் கணக்கெடுப்பைக் கெடுத்தது நீங்க.

— கெடுக்கல சார். உங்களுக்கு முன்னாடி நான் பாடத்தை முடிச்சுட்டேன், அவ்வளவுதான். நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு தேறியிருக்காங்க. உங்க ஆறு கூட்டத்துல எத்தனை பேரு தேறுவாங்கன்னு நினைக்கறீங்க?

— வாய் மட்டும் குறையல. அந்தப் பாடத்துலதானே நெட்டையன் செத்தான்?

— அதை நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவான் பாவம். எதுவும் வருதான்னு. அப்படிப் பாக்காதடா, முதலாளிக்குச் சந்தேகம் வரும்னு சொன்னதும் நான்தான். நல்ல பையன். சொன்னதைக் கேட்டான்.

— முப்பத்தொரு வயசு, சிஸ்டர்.

— எழுதுங்க சார், நேரம் போகுது.

— இதை முதல்லயே நேரா சொல்லியிருக்கலாமே. மணிக்கணக்கா விடுகதை போட்டீங்க.

— நானே எழுதிக் குடுத்தா தெருவைக் காட்டிக் குடுத்தவ ஆவேன். நாளைக்கு ஒருத்தி என்கிட்ட பிள்ளைக்கு ஊசி போட வர மாட்டா. மேலிடத்துல இருந்து வந்த நீங்களா கண்டுபிடிச்சா அது உத்தரவு, யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அதுக்காகத்தான் உங்களைப் போட்டு இந்த அடி அடிச்சேன். இந்நேரத்துக்குப் பத்து டிரம்மே நிமிர்ந்திருக்கும்.

— சரி, வாங்கிக்கறேன். என்ன எழுதட்டும், சொல்லுங்க.

— தொழிலாளிக்குப் பரிசோதனைன்னு ஒரு எழுத்து வரக் கூடாது. பேரு பட்டியலும் கூடாது. பிள்ளைகுட்டியிலிருந்து தெரு முழுக்கன்னு எழுதுங்க. பொறக்கற குழந்தையும் அந்த இடியிலதான் தூங்குது. காதுக்கு மூடி, அதைப் போட்டுக்கற விதம். லாரி உள்ள வந்தா ஆரனுக்குப் பதிலா சுழல்ற விளக்கு. அப்புறம், பாடத்தை மைக்குல எடுக்க வேண்டாம். பொம்பளைங்களை உக்கார வெச்சு எதிர்ல உக்காந்து, உதடு தெரியற மாதிரி நிதானமா பேசற ஆளா அனுப்புங்க. உங்க தொண்டை கட்டின எட்டு பேரு வேண்டாம்.

— எழுதிட்டேன். முன்னாடி போட்டதைவிட இதுதான் திட்டம் மாதிரி இருக்கு.

— அது ஒரு பெரிய சாதனை இல்ல.

— ஒரு நிமிஷம். ஒன்பதாவது கட்டம் சிவப்பா நிக்குது. 'சான்று'. அதாவது, புதுத் தேவையை முதல் இடத்துல போட்டா, அந்த ஏரியாவுல வசிக்கிற ஒருத்தரோட மருத்துவ அறிக்கையாவது இணைக்கணும்.

— பேரு இல்லாம?

— பேரோடதான். பேரை மறைச்சா தானா தள்ளிடும். ஒண்ணு போதும், ஆனா ஒண்ணு வேணும். இப்போ வந்தாரே, அந்த அண்ணன்...

— மக பிரசவத்துக்கு வந்திருக்கிற நேரத்துல அவரு சம்பளத்துல கைவைக்கறீங்களா?

— அவரு வீட்டம்மா?

— பொண்டாட்டிக்குக் கேக்கலன்னா புருஷனுக்குக் கேக்குமான்னு பாப்பாங்க. முதலாளிங்களுக்கு அவ்வளவு கணக்கு தெரியும்.

— அப்போ பட்டறைச் சம்பளம் வாங்காத குடும்பமா ஒண்ணு சொல்லுங்க.

— இந்தத் தெருவுலயா?

— மணி நாலரை, சிஸ்டர். ஆளு இல்லன்னா வயித்துப்போக்கைத்தான் மறுபடி ஏத்தணும். வேற வழியே இல்ல.

— மேசை இழுப்பறையைத் திறங்க. தடுப்பூசி அட்டைக்கு அடியில ஒரு பழுப்பு உறை இருக்கும்.

— இது பெரிய ஆஸ்பத்திரி உறையாச்சே. காது பரிசோதனை. மூணு மாசத்துக்கு முந்தின தேதி. 'இரண்டு காதுகளிலும் கடுமையான செவித்திறன் இழப்பு. தொடர்ந்த பேரிரைச்சல் காரணமாக இருக்கலாம்.' சரியா இப்படி ஒண்ணுதான் வேணும். யாரோடது... தொழில்னு போட்ட இடத்துல 'செவிலியர்'னு இருக்கு.

— சரியாத்தான் படிக்கறீங்க.

— இது உங்க பேரு.

— இருபத்திரண்டு வருஷம் சார். இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம்.

— அப்போ இவ்வளவு நேரம் நான் பேசினது?

— உதடு நல்லாத் தெரியுது. மீசையும் வெக்கல. அதாவது அதாவதுன்னு நடுவுல ஒரு நிறுத்தம் வேற குடுக்கறீங்க. சௌகரியமான ஆளு.

— விளையாடாதீங்க. இதை இணைச்சா என்ன ஆகும்னு தெரியுமா? மருத்துவக் குழுவுக்கு முன்னாடி நிறுத்துவாங்க. இந்த இடத்தை விட்டு எடுத்துடுவாங்க. வேலையே போனாலும் போகும்.

— பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம். எனக்கும் எண்ணத் தெரியும்.

— வேண்டாம் சிஸ்டர். உள்ள வைங்க. இந்த வருஷம் வயித்துப்போக்கோட போகட்டும். அடுத்த வருஷத்துக்குள்ள நானே அலைஞ்சு வேற யாரையாவது பிடிக்கறேன், சத்தியமா. நீங்க சமாளிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை தடுமாறாம பேசலையா? இதே மாதிரி இன்னும் ஒரு வருஷம் ஓட்ட முடியாதா?

— வயித்துல இருக்கிற பிள்ளையோட உதட்டை நான் எங்கேருந்து சார் பாக்கறது? நாலு மாசமா கர்ப்பிணிங்க வயித்துல குழலை வெச்சுக் காதைக் குடுக்கறேன், உள்ள ஒரு சத்தமும் இல்ல. ஒவ்வொருத்தி அட்டையிலயும் 'துடிப்பு நல்லா இருக்கு'ன்னு எழுதி அனுப்பிக்கிட்டிருக்கேன்.